புல்லட்டின் முன் ட்ரம்மில் துளை போடுவதற்கு முன்பு

பழைய புல்லட்டின் முன் ட்ரம் பிரேக் சூடேறாமல் இருக்கவும், பார்க்க ரேஸ் வண்டியைப் போலத் தோன்றவும் அதில் துளையிட்டுக் காற்றுவாய் வைக்க விரும்புகிறவர்கள் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதைச் செய்தேன். அதற்காகச் சுமார் 31,000 ரூபாயும் ஒரு முழு மழைக்காலமும் செலவாயின. எந்த இடத்தில் துளை போடலாம், எந்த இடத்தில் போடக்கூடாது, துளை போடுவதற்கு முன்பு எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியமாக, மழையில் பிரேக் பிடிக்காமல் ஓடிய அந்தச் சில நொடிகள் என் வாழ்க்கையில் நடந்திருக்காது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி என் அப்பாவுடையது, 1986-இல் பதிவானது. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் உருவான 350 புல்லட், அதாவது 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி. முன்சக்கரத்தில் இருப்பது 7 அங்குல ட்ரம். அலுமினிய ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்) வார்ப்பிரும்பு லைனர். லீவரைப் பிடித்தால் கேம் என்ற திருகுமுனை, லைனிங் ஒட்டிய இரண்டு பிறைவடிவ ஷூக்களை விரித்து, கூடவே சுழலும் இந்த லைனர் வளையத்தின் உள்முகத்தில் உரச வைக்கும். பின்சக்கரத்தில் 6 அங்குலம். அப்பா பொள்ளாச்சிச் சாலையில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய வரையில் அந்த பிரேக்கைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வண்டி என் கைக்கு வந்தபின் நான் அதை மலைக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் பாதி தூரம் வருவதற்குள்ளாகவே முன் பிரேக் லீவர் கைப்பிடிக்கு மிக அருகில் வந்துவிடும். இன்னும் சற்று இறங்கினால், லீவர் கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அந்த நேரத்தில் எதிரே ஒரு பேருந்து திரும்பினால் வயிற்றைப் பிசையும். கீழே வந்து ட்ரம்மின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னர்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. வண்டி, நான், பை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 250 கிலோ. கோத்தகிரி கடல்மட்டத்துக்குச் சுமார் 1,800 மீட்டர் மேலே இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறது. இந்த 1,500 மீட்டரை இறங்கும்போது 36 லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை வண்டியை முழுதாக நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றல் 35,000 ஜூல்தான். அப்படியானால் ஓர் இறக்கம் என்பது நூறு முறைக்கும் மேல் முழு நிறுத்தம் செய்வதற்குச் சமம். கிட்டத்தட்ட பதினொரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. எஞ்சின் ஒரு பங்கையும் காற்றின் தடை ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் இரண்டு ட்ரம்களுக்குள் போகும். எஞ்சின் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது நாம் எந்தக் கியரில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. நான்காம் கியரில் இறங்குகிறவருடைய பிரேக்கில் என்ன மாற்றம் செய்தாலும் அது போதாது. இரண்டாம் கியரில் இறங்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் பிரேக் தளர்ந்தால் மட்டுமே ட்ரம்மைக் கழற்றுங்கள்.

ட்ரம் பிரேக் சூட்டில் தளர்வது ஒரே காரணத்தால் அல்ல, இரண்டு வெவ்வேறு காரணங்களால். முதலாவது, ட்ரம் விரிவது. 178 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு 200 டிகிரி சூடேறினால் விட்டத்தில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் பெரிதாகும். வெளியே உள்ள அலுமினியமும் தன் பங்குக்கு அதை இழுக்கும். ஷூக்களிடமிருந்து ட்ரம் விலகிப் போவதால் லீவர் நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது, லைனிங்கில் உள்ள பிசின் அளவுக்கு மீறிச் சூடேறி, உராய்வுத் தன்மையை இழப்பது. இந்த நிலையில் லீவர் கெட்டியாகவே இருக்கும். அழுத்தம் எல்லாம் ட்ரம்முக்குப் போய்ச் சேரும். ஆனால் பிடிப்பு இருக்காது. ஆகவே லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வருகிறதா, அல்லது கெட்டியாக இருந்தும் வண்டி ஓடுகிறதா என்பதைக் கவனித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். லீவர் கையில் துடித்துத் துடித்து வந்தால் அது மூன்றாவது கோளாறு. ட்ரம் வட்டமாக இல்லை என்று பொருள். என் வண்டியில் இந்த மூன்றுமே இருந்தன. ஆனால் எந்தப் பட்டறையிலும் அந்தக் கேள்விகளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் நேராகத் துளை பற்றியே பேசினார்கள்.

துளையிடும் எண்ணம் எனக்கு வந்தது படங்களிலிருந்து. 1950களிலும் 60களிலும் ஓடிய பிரிட்டிஷ், இத்தாலிய ரேஸ் வண்டிகளின் முன் ட்ரம்களில் காற்றை அள்ளும் வாய், வலை, வரிசையான துளைகள் எல்லாம் இருக்கும். அந்த அழகுக்கு இணை கிடையாது. சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் அது வந்தது: 1968-இல் டிரையம்பும் பிஎஸ்ஏவும் 8 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக்கை (இது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) முன்பக்கக் காற்றுவாயுடன் கொடுத்தன. அடுத்த ஆண்டே ஹோண்டா சிபி750 டிஸ்க் பிரேக்கோடு வந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தது. ட்ரம் பிரேக்கின் உச்சம் அந்தச் சில ஆண்டுகள்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ரேஸ் வண்டிகள் ஓடியது பெரும்பாலும் கழுவித் துடைத்த தார்ச்சாலையில். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு சக்கரத்தைக் கழற்றி லைனிங்கைப் பார்ப்பதற்கு ஆள் இருந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மழைநீரோடு கரைந்து வரும் செம்மண்ணுக்காக யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை.

பழைய வண்டிகளை அழகுபடுத்துவதில் பேர் பெற்ற ஒரு பட்டறையில் வேலையை ஒப்படைத்தேன். "காத்து உள்ள போயி வந்துச்சுன்னா சூடே ஏறாதுங்க, ரேஸ் வண்டிக்கெல்லாம் இதேதானுங்க" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. ஷூக்களைத் தாங்கி, ட்ரம்மின் திறந்த பக்கத்தை மூடி நிற்கும் சுழலாத தகடான பிரேக் பிளேட்டில் இரண்டு வரிசையாக 10 மில்லிமீட்டர் துளைகள். ஹப்பின் ஓரத்தில், ஸ்போக் துளைகளுக்கு நடுவே இன்னொரு வரிசை. பிறகு கண்ணாடிபோலப் பஃபிங். கூலி 7,500 ரூபாய். வண்டி திரும்பி வந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் குனிந்து பார்ப்பார். அப்பாவும்கூடச் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார்.

கோடையில் மீண்டும் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். லீவர் பழையபடியே கைப்பிடிக்கு வந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. பிளேட்டின் முகம் வண்டி போகும் திசையைப் பார்த்து இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. பக்கவாட்டுத் தகட்டில் வெறும் துளை போட்டால் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, உள்ளே நுழையாது. காற்றை உள்ளே திருப்ப முன்பக்கம் பார்த்த ஒரு வாய் வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியேறப் பின்பக்கத்தில் வழி வேண்டும். இரண்டுக்கும் இடையே லைனரின் உள்முகத்தை ஒட்டி அது கடந்துபோக இடமும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் அலங்காரம்தான். துளையிட்டு உலோகத்தை எடுத்ததால், வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும் எடையும் சிறிது குறைந்திருந்தது.

அதன்பின் அக்டோபர் வந்தது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையில் காரமடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, முன்னே சென்ற சரக்கு வண்டி திடீரென்று வேகம் குறைத்தது. லீவரைப் பிடித்தேன்; ஒன்றும் நடக்கவில்லை. லீவர் கெட்டியாக இருந்தது, கேபிள் அறுந்துவிடவில்லை, ஆனால் லைனிங்குக்கும் ட்ரம்முக்கும் நடுவே தண்ணீர்ப் படலம். பின் பிரேக்கையும் கியரையும் வைத்துச் சாலையின் இடப்புற மண்ணில் இறங்கி நிறுத்தினேன். கை நடுங்கியது என்று எழுதினால் அது குறைவாகச் சொன்னதாகும்; அரை மணி நேரம் வண்டியைத் தொடவே மனம் வரவில்லை. மூடிய ட்ரம்மிலும் தண்ணீர் புகும் என்பது உண்மைதான். ஆனால் பிளேட்டின் விளிம்பும் ட்ரம்மின் உதடும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்திருப்பதால் தெறிக்கும் நீரில் பெரும்பங்கு வெளியிலேயே நின்றுவிடும். என் பிளேட்டில் அந்தக் காப்பு இருந்தும் பயனில்லாமல் துளைகள் திறந்து கிடந்தன. மழையில் ஓட்ட நேர்ந்தால், பிரேக் தேவைப்படுவதற்கு முன்பாகவே அவ்வப்போது லீவரை இலேசாகப் பிடித்து ஷூக்களை உலர்த்திக்கொண்டே வர வேண்டும் என்பதைத் துளையில்லாத ட்ரம் வைத்திருப்பவர்களும் நினைவில் கொள்ளலாம்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே மணலும் லைனிங் தூளும் குழைந்த சேறு. லைனரில் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடுகள். அவற்றையெல்லாம் விடப் பெரிய அதிர்ச்சி, பிளேட்டைக் கழுவித் துடைத்தபின் கண்ணுக்குத் தெரிந்தது: ஷூக்கள் தாங்கி நிற்கும் முளைக்கு மிக அருகில் போடப்பட்டிருந்த ஒரு துளையின் விளிம்பிலிருந்து முளையை நோக்கி ஒரு மயிரிழை விரிசல். துளையின் விளிம்புகள் அனைத்தும் டிரில் விட்ட கூர்மையோடு அப்படியே இருந்தன. வெளிப்புறத்தை மட்டும் பஃபிங் மூடியிருந்தது.

பிரேக் பிளேட் என்பது வெறும் மூடி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு கணக்கைச் சொல்கிறேன். 250 கிலோ எடையை ஓரளவு கடுமையாக, புவியீர்ப்பின் 0.6 பங்கு அளவில் நிறுத்தினால், அந்த வேலையில் முன்சக்கரத்தின் பங்கு சுமார் 70 சதவீதம் என்று கொண்டால், சக்கரத்தில் உண்டாகும் முறுக்கு ஏறத்தாழ 330 நியூட்டன் மீட்டர். இந்த எஞ்சின் கிராங்கில் தரும் உச்ச முறுக்கைப் போல அது சுமார் பத்து மடங்கு. அந்த முறுக்கு முழுவதும் ஷூவிலிருந்து முளைக்கும் கேமுக்கும் போய், அங்கிருந்து பிளேட் வழியாக, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் காலோடு பிளேட் பூட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போகிறது. இந்தப் பாதையில் உள்ள உலோகத்தில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. அந்த விரிசல் இன்னும் சில வாரங்கள் கவனிக்கப்படாமல் இருந்திருந்தால், ஓடும்போதே பிளேட் உடைந்து சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கலாம். ஹப்பின் ஓரத்தில் ஸ்போக் துளைகளுக்கு நடுவே போட்டதும் அவ்வாறே. ஒவ்வொரு ஸ்போக்கும் இழுத்துப் பிடித்திருக்கும் அந்த வளையம்தான் சக்கரத்தின் உயிர். பட்டறையில் போய்ச் சொன்னேன். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத்தான் போட்டோம் என்றார்கள். கூலியில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. பிளேட், ஹப், ஸ்போக், ஷூ எல்லாம் கழிவாயின. மாற்று ஹப்பும் பிளேட்டும் தேடிச் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருந்தது. வெல்டிங் வைத்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. பல ஆண்டு எண்ணெயையும் தூளையும் குடித்த பழைய அலுமினிய வார்ப்பில், அதுவும் முளையின் அடியில், வைக்கும் வெல்டிங்கை நம்பி மலை இறங்க எனக்குத் துணிவில்லை. மற்றவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் முறை வேலையை எடுத்துச் சென்றது அழகுபடுத்தும் பட்டறைக்கு அல்ல. பம்ப் தொழிற்சாலைகளுக்கு உதிரி கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்கு. அங்கிருந்த மூத்த டர்னர், சக்கரத்தைப் பார்த்ததும் நுண்ணளவு காட்டும் டயல் கேஜை எடுத்தார். மாற்று ஹப்பை ரிம்மோடு ஸ்போக் கட்டி, பெண்டு எடுத்து (கோணலை நிமிர்த்தி) முடித்திருந்த நிலையில், லைனரின் உள்விட்டம் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் 0.4 மில்லிமீட்டர் வேறுபட்டது. "இதுல எங்கீங்க காத்து வேணும்? மொதல்ல வட்டம் வேணும்ங்க. ஷூ நாலு விரக்கடை எடத்துலதான் தொடுது" என்றார். பழைய ஷூக்களைக் காட்டினேன். லைனிங்கின் நீளத்தில் கேம் பக்கத்து முனையில் மட்டும்தான் பளபளப்பு இருந்தது. மீதிப் பரப்பு ட்ரம்மைத் தொட்டதே இல்லை. அந்தச் சிறிய இடத்தில் மொத்த வெப்பமும் உண்டானால் அந்த இடத்து லைனிங் வெகு விரைவில் எரிந்து போவதில் வியப்பில்லை. துளைகளைப் பற்றி இத்தனை மாதம் பேசியும் எவரும் பார்க்காத பளபளப்பு அது.

இந்த இடத்தில் சற்று நின்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ட்ரம்மைக் கடைவதாக இருந்தால், ஸ்போக் கட்டி இழுவை ஏற்றிய பிறகே கடைய வேண்டும். வெறும் ஹப்பைக் கடைந்து, அதன்பின் ஸ்போக் கட்டினால், ஸ்போக்குகளின் இழுவை லைனரை மறுபடியும் முட்டை வடிவத்துக்குக் கொண்டுபோய்விடும். 19 அங்குல ரிம்மோடு சக்கரத்தை ஏற்ற வேண்டுமென்றால் சாதாரண லேத் போதாது; பெரிய வட்டம் சுழல அடிப்பகுதியில் இடைவெளி விட்ட, கேப் பெட் உள்ள பெரிய லேத் வேண்டும். சக்கரத்தை அதன் பேரிங்கில் ஓடும் மையத்தை வைத்தே பிடிக்க வேண்டும். வெளி விளிம்பை வைத்துப் பிடித்தால் அளவு தப்பும். எவ்வளவு குறைவாகக் கடைய முடியுமோ அவ்வளவு குறைவாகக் கடையுங்கள். பல வண்டிகளுக்குப் புது அளவைவிட 1 மில்லிமீட்டர் விட்டம் கூடினால் ட்ரம் கழிவுதான். அதன் பிறகு, சற்றுத் தடிமனான லைனிங் ஒட்டிய ஷூக்களைப் பிளேட்டிலேயே பூட்டி, கேமுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சிறிது விரித்து, பிளேட்டோடு லேத்தில் ஏற்றி, லைனிங்கின் வெளிமுகத்தை ட்ரம்மின் அளவுக்குச் சற்றே குறைவாகக் கடைய வேண்டும். இதைச் செய்தால் லைனிங் முழு நீளத்துக்கும் தொடும். இதற்கும் ட்ரம் கடைந்ததற்கும் சேர்த்து 2,200 ரூபாய் வாங்கினார். முதல் பட்டறையின் பஃபிங் கூலியே இதைவிட அதிகம்.

சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஆக்சில் நட்டை முழுதாக இறுக்குவதற்கு முன்பாக, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, லீவரைக் கெட்டியாகப் பிடித்து, பிடித்தபடியே நட்டை இறுக்க வேண்டும். ஷூக்கள் ட்ரம்மின் நடுவில் வந்து அமர்வதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. கேபிளைப் புதிதாக மாற்றினேன். பழைய கேபிளின் வெளிக்குழல் அழுந்திச் சுருங்குவதிலேயே பிடியில் பாதி வீணாகும். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில், பிளேட்டுக்கு வெளியே கேமைத் திருப்பும் கேம் லீவருக்கும் கேபிளுக்கும் இடையே செங்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். லைனிங் தேயத் தேய அந்தக் கோணம் மாறிப் பிடி பலவீனமாகும். லைனிங்கில் போதிய தடிமன் மிச்சமிருந்தால் மட்டும், கேம் தண்டின் பற்களில் கேம் லீவரை ஒரு பல் தள்ளிப் பூட்டலாம்; தேய்ந்துபோயிருந்தால் ஷூவை மாற்றியே ஆக வேண்டும். லைனிங்கின் முனைகளைச் சற்றுச் சரிவாக அரத்தால் தேய்த்துவிட்டால் வெடுக்கென்று பிடிக்காது. இந்த வேலைகள் முடிந்தபின், துளையே இல்லாத பிளேட்டோடு, கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். மேட்டுப்பாளையம் வந்தபோது லீவர் சிறிது கூடுதலாக வந்ததே தவிர, வண்டி கேட்ட இடத்தில் நின்றது. மனத்தில் உண்டான நிம்மதியோடு, கழிந்துபோன பணத்தை நினைத்துக் கோபமும் வந்தது.

ஆனாலும் காற்றுவாய் மேல் இருந்த ஆசை போகவில்லை; போக வேண்டியதும் இல்லை என்றே நினைக்கிறேன், முறையாகச் செய்தால் அதற்குப் பயன் உண்டு. இம்முறை பின்னாளைய புல்லட்டுகளில் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிளேட் ஒன்றை வாங்கி, என் ஹப்புக்கும் ஃபோர்க்குக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, அதில் வேலையைத் தொடங்கினோம். ஒற்றை லீடிங் அமைப்பில் ஒரு ஷூவைத்தான் ட்ரம்மின் சுழற்சி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். இரட்டை அமைப்பில் இரண்டையும் இழுக்கும். அதனால் அதே கைப்பிடிக்கு அதிக பிடிப்பு. ஆனால் ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி பின்னோக்கி நழுவினால் இரண்டு ஷூக்களும் தள்ளிவிடும் ஷூக்களாகிவிடும். மலைச்சாலையில் ஏற்றத்தில் நிறுத்தும்போது பின் பிரேக்கில் கால் இருந்தே ஆக வேண்டும். இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பியைச் சரிசெய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது: கம்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேமையும் தனித்தனியே ஷூ ட்ரம்மைத் தொடும் வரை திருப்பி, அந்த நிலையிலேயே கம்பியின் நீளத்தை மாற்றிப் பூட்ட வேண்டும். கம்பி ஒரு சுற்றுத் தவறினாலும் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், செலவழித்த பணத்துக்கு ஒற்றை ஷூ பிரேக்தான் கிடைக்கும்.

காற்றுவாய்க்காகப் பிளேட்டில் வெட்டிய இடம் ஒன்றே ஒன்று. முளைகள், கேம் துவாரங்கள், ஃபோர்க்கோடு பூட்டும் இடம், இவற்றை இணைக்கும் வார்ப்பு விலாக்கள் அனைத்தையும் முதலில் மார்க்கரால் குறித்து, இவற்றிலிருந்து விலகிய, மெல்லிய தகடு போன்ற பகுதியில் முன்பக்கமாக ஒரு நீள்வட்டத் துவாரம். அதன்மேல் முன்னோக்கி வாய் திறந்த அலுமினியக் கூடு. பின்பக்கத்தில், ஆக்சிலுக்குச் சற்றுக் கீழே, காற்று வெளியேற இரண்டு சிறு துவாரங்கள். தண்ணீர் புகுந்தால் வடிவதற்கும் அவையே உதவும். எல்லாத் துவாரங்களின் விளிம்புகளும் இரு பக்கமும் அரத்தாலும் எமரி தாளாலும் வழவழப்பாக உருட்டப்பட்டன. கூர்மையான விளிம்பு இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். முடிந்தபின், கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் சாயம் ஊறிக் காட்டிக்கொடுக்கும் நிற ஊடுருவல் சோதனை செய்து பார்த்தோம். கோவையில் வார்ப்புத் தொழில் இருப்பதால் அதைச் செய்து தருபவர்கள் எளிதில் கிடைப்பார்கள், சில நூறு ரூபாய்தான். வாயின் முகப்பில் நுண்ணிய துருப்பிடிக்காத எஃகு வலை. வலை கண் சிறியதாக இருந்தால் கல் வராது, ஆனால் சேறு அடைக்கும்; ஆகவே கழற்றிக் கழுவும்படி இரண்டு திருகில் பொருத்தியிருக்கிறோம். மழைக்காலத்தில் வலைக்குப் பதிலாக மூடிய தகட்டை அதே திருகில் பூட்டிவிடுவேன். இந்த மூடி இல்லாமல் காற்றுவாய் வைக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அழகு பற்றியும் ஒரு வார்த்தை. பளபளக்கும் அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடுவதில் மிகவும் பின்தங்கியது. மெல்லிய கறுப்பு வண்ணம் பூசிய அதே அலுமினியம் பல மடங்கு சிறந்தது. ஓடும்போது வெப்பத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் காற்றுதான் என்பதால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். நின்றுகொண்டிருக்கும்போது கூடுதலாகத் தெரியும். நான் ஹப்பின் நடுப்பகுதிக்கு மெல்லிய மங்கல் கறுப்பும், பிளேட்டுக்கும் காற்றுவாய்க் கூட்டுக்கும் பஃபிங்கும் வைத்துக்கொண்டேன். புட்டி பூசி நிரவிய ஹப்பும் தடித்த பவுடர் கோட்டிங்கும் ட்ரம்முக்குப் போர்வை போர்த்தியதற்குச் சமம். ட்ரம் குளிர வேண்டும் என்று ஹப்பைச் சுற்றி மாட்டுவதற்காகக் கடைகளில் விற்கும் ஒட்டு விசிறி வளையங்களில் பல, ஹப்போடு உலோகத்துக்கு உலோகம் இறுகத் தொடுவதே இல்லை. நடுவில் காற்றிடை இருந்தால் வெப்பம் வளையத்துக்கே போகாது. வாங்குவதானால் சூடேற்றி இறுக்கிப் பொருத்தும் வளையமாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை கொடுக்கும் பட்டறையிலும் இதைக் கேட்டு வாங்குங்கள், அங்கே வேலை செய்கிற பையன்கள் நாள்தோறும் அந்தத் தூளைச் சுவாசிக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியை அதிகாரியிடம் காட்ட வேண்டியிருப்பதால், கழற்றிய மூலப் பிளேட்டையும் ஷூக்களையும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய எண்ணுகிறவர்கள் வார்ப்பில் கத்தி வைக்காமல் தனிப் பிளேட்டில் மட்டும் மாற்றம் செய்வது நல்லது. எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

செலவைக் கேட்பவர்களுக்கு: முதல் பட்டறைக்கும், அதனால் கெட்டுப்போன ஹப், பிளேட், ஸ்போக், ஷூக்களுக்கு மாற்று வாங்கியதற்கும், புதுப்பேட்டைப் பயணத்துக்கும் சுமார் 19,000 ரூபாய். மீதி 12,000 ரூபாய் பயனுள்ள வேலைக்கு. அதிலும் பெரும்பகுதி இரட்டை லீடிங் பிளேட்டின் விலை. புது லைனிங் போட்டதும் நேராக மலைக்குப் போக வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே மிதமாகப் பிடித்துப் பிடித்து ஓட்டி, சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கின் பளபளப்பு முக்கால் பரப்பையாவது எட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒவ்வோர் இறக்கத்தின் முடிவிலும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஹப்பின் வெளிப்பக்கத்தை அளக்கிறேன். காற்றுவாயை மூடித் தகடு பூட்டிய நாட்களில் 130 டிகிரியை ஒட்டி வருகிறது. திறந்திருக்கும் நாட்களில் 110-ஐ ஒட்டி. இந்த இருபது டிகிரிதான் காற்றுவாயின் பங்கு. கடைசலுக்கு முன்பு அதே இடத்தில் இந்தக் கருவி என்னிடம் இல்லாததால் ஒப்பிட எண் கிடையாது. லீவர் வந்த தூரத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், கடைசல் தந்த பலன் காற்றுவாய் தந்ததைவிடப் பன்மடங்கு பெரியது. பின்சக்கரத்து 6 அங்குல ட்ரம்மை அடுத்த மாதம் அதே டர்னரிடம் கொண்டுபோகிறேன். அளந்து பார்க்கவும் ஷூ கடையவும் மட்டும், துளை எதுவும் இல்லை.